மூன்றாம் கொம்பியூட்டரில் கிடந்த புக்மார்க்குகள்

வவுனியாவில் நான் வழமையாகப் போகும் இன்ரநெற் கடையில் இன்று மூன்றாம் கொம்பியூட்டரை முழுதாக அழித்துப் புதிதாக்கப் போகிறார்கள்.

"தங்கச்சி, உங்கட ஆக்கள் சேர்த்து வச்சதெல்லாம் அதில கிடக்கு. வேணுமெண்டா இப்பவே எடுங்கோ," என்றார் கடைக்கார நானா.

எங்கள் ஆட்கள் என்றால் நாலு பேர். ஒருவர் வீட்டிலும் கொம்பியூட்டர் இல்லை. அதனால் முறை வைத்து இங்கே இருந்து, அவரவர் பெயரில் ஃபோல்டர் போட்டு, பிடித்த பக்கங்களைச் சேமித்தோம். மற்ற மூவரும் வெளிநாடு போய்விட்டார்கள்.

எல்லாவற்றையும், நாங்கள் நாலு பேரும் எழுதித் திருத்தவென்று நான் தொடங்கிய விக்கித் தளத்தில் ஏற்றினேன், ஆளுக்கொரு பக்கமாக. ரமேஷின் பக்கம் முழுக்கக் கிரிக்கெட். சுகந்தியின் பக்கத்தில் ஜெர்மன் மொழிப் பாடங்கள். பாதி இணைப்புகள் இப்போது திறபடுவதில்லை. ஜெர்மனியிலேயே இருக்கும் அவளுக்கும் இனித் தேவைப்படாது.

நானா பின்னால் நின்று பார்த்தார்.

"இது எல்லாரும் சேர்ந்து எழுதுறதெல்லே? திருத்தினது எண்டு உங்கட பேர் மட்டும்தான் கிடக்கு."

"ஓம் நானா. மற்ற ஆக்கள் வாறதுக்குள்ள நான் எழுதிப்போடுவன்."

அவர் பால் விடாத பிளேன்ரீ ஒன்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ரமேஷ் அடித்த பந்து ஒருநாளும் எல்லைக்கோட்டைத் தாண்டியதில்லை என்று அவன் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சுகந்திக்கு அதைவிட மோசமாக ஒன்று எழுதியிருக்கிறேன்.

விக்கியின் கடவுச்சொல் பழையதுதான். பொய்யென்றால் வந்து திருத்துங்கோ.