வெங்கணாந்திக் குட்டிகளும் பெரியண்ணனின் மௌனமும்

எங்கள் பெரியண்ணனை ஆண்டவர் தம்மிடம் அழைத்துக்கொண்டு ஓராண்டு நிறைகிறது. மரண வீட்டுக்கு வந்தவர்களில் பலர் எங்களிடம் முதலில் கேட்டது, "எந்தப் பாம்பு கடிச்சது?" என்பதுதான். எந்தப் பாம்பும் கடிக்கவில்லை. சிறுநீரக நோயே அவரைக் கொண்டுபோனது. ஆனாலும் பாம்பினால் அவர் மனத்தில் ஆறாமல் போன காயமொன்று உண்டு. அதை எழுதும்படி அவரே என்னிடம் கேட்டிருந்தார்.

"நினைவு மலர் அடிக்கிறது எண்டா என்னைப் புனிதராக்கிப் போடாத, தங்கச்சி. நஸீர்ட கதையையும் போடு."

ஆகவே கூசிக் கூசித்தான் எழுதுகிறேன். உறவினர்கள் பொறுத்தருள வேண்டும்.

கற்பிட்டிக் கரையில், கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பெரியண்ணன் பிறந்தார். அவருக்குக் கடல் ஒத்துவரவில்லை. வள்ளத்தில் ஏறினாலே வாந்தி. அப்பா கோபித்துக்கொண்டு அவரைக் கரையில் விட்டுவிட, வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போய், பிறகு சொந்தமாகக் குத்தகைக்கு நிலம் எடுத்தார். அப்பா மறைந்தபின் தங்கைகள் எங்களுக்குக் கலியாணம் செய்துவைத்த பிறகே தாம் மணமுடித்தார்.

தோட்டத்தில் களை பிடுங்கிய பெண்ணொருத்தி புடையன் பாம்பு கடித்து இறந்தபோது, அயலில் எந்தப் பாம்பைக் கண்டாலும் அடித்துக் கொன்றார்கள். நஞ்சில்லாத சாரையும் தப்பவில்லை. பெரியண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. கொக்கித் தடியோடு போய்ப் பிடித்து, பற்றைக்காட்டில் விடத் தொடங்கினார். அதற்கும் அனுமதி வேண்டும் என்று தெரிந்ததும், வனசீவராசிகள் அலுவலகத்துக்குப் பலமுறை நடந்து அதைப் பெற்றுக்கொண்டார். வீடுகளுக்குள் வரும் பாம்பைப் பிடிக்கலாம், காட்டில் விடலாம், வைத்திருக்கக் கூடாது. இதுவே நிபந்தனை. அந்த அனுமதிப்பத்திரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிவதில் அவருக்குப் பெருமை இருந்தது. விடுதியொன்றில் வெள்ளைக்காரருக்குக் காட்டவென்று பாம்பு வைத்திருந்தவரிடம், "பெர்மிட் இல்லாம வச்சிருக்கிறது களவு" என்று பலர் முன்னிலையில் சொல்லி, அதைப் பறித்துப்போய்க் காட்டில் விட்டவர் அவர்.

நஸீர் நானா பக்கத்து ஊரான கனமூலையைச் சேர்ந்தவர். பெரியண்ணனின் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் அவருடையது. இருவரும் ஒரே கிணற்றில் நீர் இறைத்தார்கள். பெருநாளுக்கு அங்கிருந்து வட்டிலப்பம் வரும், நத்தாருக்கு எங்கள் வீட்டுக் கேக் அங்கே போகும்.

ஒருநாள் பக்கத்துக் காணியை மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தால் துப்புரவாக்கியபோது, முட்டைகளைச் சுற்றிப் படுத்திருந்த வெங்கணாந்தி என்னும் மலைப்பாம்பு நசுங்கிச் செத்தது. பெரியண்ணன் முட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் பாம்பு வரக்கூடாது என்பது அண்ணியின் கட்டளை. அதனால் நஸீர் நானாவின் வெங்காயக் கொட்டிலில், ரெஜிபோம் என்னும் வெண்நுரைப் பெட்டியில் மணல் போட்டு வைத்தார்கள். குட்டிகள் வெளிவந்தன. எல்லாவற்றையும் காட்டில் விட்டார், இரண்டைத் தவிர. அவற்றை வளர்த்து, இணைசேர்த்து, இனத்தைப் பெருக்க நினைத்தார். அலுவலகத்திலும் போய்க் கேட்டார்.

"பிடிக்கிற அனுமதி வேற, வளர்க்கிற அனுமதி வேற. அது ஆராய்ச்சி செய்யிற ஆக்களுக்கே லேசில கிடைக்காது. குட்டி இருந்தா கொண்டுவந்து தாங்க" என்றார் அதிகாரி.

"குட்டி ஒண்டும் இல்ல, மாத்தயா. சும்மா கேட்டன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"முட்டையை எடுத்தது இரக்கம். ரெண்டை வச்சது ஆசை" என்று பின்னாளில் அவரே என்னிடம் சொன்னார்.

யாரோ தகவல் கொடுக்க, அதிகாரிகள் கொட்டிலுக்கு வந்தார்கள். அப்போது இருவருமே அங்கே இருந்தார்கள்.

"யார்ட பாம்பு இது?"

பெரியண்ணன் வாய் திறக்கவில்லை. அனுமதி போய்விடும், ஊர் சிரிக்கும், விடுதிக்காரர் கைதட்டுவார் என்ற எண்ணம் நாக்கைக் கட்டிவிட்டது என்று பின்னர் என்னிடம் சொன்னார். நஸீர் நானா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். நிலம் நஸீர் நானாவுடையது, கொட்டிலும் அவருடையது. அவரையே ஜீப்பில் ஏற்றினார்கள். அவர் கட்டாருக்கு வேலைக்குப் போக, குற்றமற்றவர் என்ற பொலிஸ் அறிக்கைக்கு விண்ணப்பித்திருந்த நேரம் அது.

மறுநாள் காலை பெரியண்ணன் நீதிமன்றத்துக்குப் போனார். சட்டத்தரணி ஒருவர், "அன்றைக்குத்தான் கண்டெடுத்தேன் என்று சொல்லுங்கள்" என்றபோது மறுத்துவிட்டார். பாம்பு என்னுடையது, அனுமதி கிடையாது, தெரிந்தே வைத்திருந்தேன், கேட்டபோது மறைத்தேன் என்று நீதவான் முன் ஒவ்வொன்றாகச் சொன்னார். நஸீர் நானாவை விடுதலை செய்தார்கள். பெரியண்ணனுக்குத் தண்டம் விதித்து, பிடிக்கும் அனுமதியையும் பின்னர் ரத்துச் செய்தார்கள். குட்டிகளை அதிகாரிகள் கொண்டுபோனார்கள்.

ஊரார் அவரை மன்னித்தார்கள், சிலர் மெச்சவும் செய்தார்கள். அவருக்கு அது இன்னும் வெட்கமாயிற்று. "ஒரு ராவு முழுக்க அவன் பொலிஸ் கூட்டுக்குள்ள கிடந்தான். நான் வீட்ட பாய்ல கிடந்தன். அதை ஒருத்தரும் கேக்கிறாங்களில்ல" என்பார். நஸீர் நானாவின் பயணம் தள்ளிப்போய், கடைசியில் கைநழுவியது. அவரோ ஒரு வார்த்தை குறை சொல்லாமல் பழையபடி கிணற்றடிக்கு வந்தார். பெரியண்ணன்தான் அவர் கண்ணைப் பார்க்க முடியாமல் நீர் இறைக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டார்.

பிறகொரு முறை எங்கள் வீட்டுக் குசினிக்குள், அடுப்பருகே, நாகம் வந்தது. அயலார் பொல்லுகளோடு கூடினார்கள். நான் பெரியண்ணனுக்கு அழைப்பெடுத்தேன். வந்தவர் கதவை மறித்து நின்று அலுவலகத்துக்கு அறிவித்தார்.

"நீங்களே பிடியுங்களன் அண்ணே!" என்று சனம் கத்தியது.

"என்ட கையில இப்ப பெர்மிட் இல்ல. நானும் தொடமாட்டன், உங்களையும் அடிக்க விடமாட்டன்" என்றார்.

அதிகாரிகள் வரும்வரை அப்படியே நின்றார்.

இரத்தச் சுத்திகரிப்புக்கு ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் நஸீர் நானா பார்க்க வந்தார். நான் கட்டிலருகே நின்றேன். பெரியண்ணன் அவர் கையைப் பிடித்து, அத்தனை காலமும் கேட்காததைக் கேட்டார்.

"அண்டைக்கு ஏன் என்னைக் காட்டிக்குடுக்கேல்ல?"

நஸீர் நானா கட்டிலோரம் அமர்ந்தார். "நீயே உண்மையச் செல்லுவாய் எண்டு பாத்துக்கிட்டு ஈந்தன் மச்சான். ஜீப் ரோட்டுக்கு ஏறுற மட்டும் பாத்தன்."

பெரியண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிடித்த கையை மட்டும் விடவில்லை.

மருந்தும் பராமரிப்பும் தந்த மருத்துவர்கள், தாதியர், இரத்தம் தந்த இளைஞர்கள், இறுதிச் செபம் சொன்ன பங்குத்தந்தை, மரண வீட்டில் சோறு சமைத்த அயலவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது.

சேமக்காலையில் கல்லறைவரை எங்கள் சகோதரர்களோடு தோள்கொடுத்துப் பெட்டியைத் தூக்கியவர் நஸீர் நானா. அவருக்கு நன்றி என்று எழுதிப் பார்த்தேன். அந்தச் சொல் போதவில்லை. பெரியண்ணனுக்காக, எங்கள் எல்லோருக்காகவும், அவரிடம் மன்னிப்புக் கேட்டு முடிக்கிறேன்.

அன்புத் தங்கை