திரைக்குப் பின்னால் நோரா

"ஏன்டி நாகு, ஜப்பான்ல இங்கிலீஷ் டீச்சர் வேலை யாருக்குக் கிடைக்கும்? அதை விட்டுட்டு சும்னே வந்துட்டியே" என்று தேவராஜ மார்க்கெட்டில் வெற்றிலை பொறுக்கிக்கொண்டே கேட்டாள் அத்தை மகள் கனகலக்ஷ்மி. ஊர் திரும்பிப் பத்து நாளில் இப்படிக் கேட்ட எட்டாவது ஆள். நாகலக்ஷ்மி பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தாள்.

சும்னேயா? சும்மாவா வந்தாள்? மைசூர் ரயில்வே குமாஸ்தாவின் மகள், இங்கிலீஷ் எம்.ஏ.யில் முதல் வகுப்பு. 1974-ல் டோக்கியோவில் ஒரு மொழிப் பள்ளி அவளைக் கூப்பிட்டது. அங்கே மாணவர்கள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வரிசையாக உட்காருவார்கள். டீச்சர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து மைக்கில் பாடம் நடத்தி, ஒவ்வொருவர் பேச்சையும் கேட்டுத் திருத்த வேண்டும்.

முதல் நாளே முதலாளி கண்ணாடிக்குத் திரை போட்டுவிட்டான். "மாணவர்களுக்கு நீங்கள் நோரா. லண்டன்காரி" என்றான். அப்பா வைத்த பேர் என்ன பாவம் பண்ணிற்றாம்? நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேட்டிருப்பாள். "வகுப்பு முடிகிற கடைசி நாளில் உங்களை உங்கள் பெயரிலேயே அறிமுகப்படுத்துகிறேன்" என்று அவன் வாக்குக் கொடுத்ததால் பல்லைக் கடித்துக்கொண்டாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்தால் போதும் அவளுக்கு.

பிள்ளைகள் என்ன, அவர்களில் ஓகாவா என்பவருக்கு ஐம்பது வயது. பாங்க் உத்தியோகம். வந்த புதிதில் ஒரு வணக்கம் சொல்லவே வியர்த்துக் கொட்டும். எட்டே மாதத்தில் மைக்கில் அவளோடு அரசியல் பேசித் தர்க்கம் பண்ணினார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசி நாள் வந்தது. ஓகாவா கையில் பூங்கொத்து. முதலாளி யாரோ ஒரு அமெரிக்கனின் மனைவியை அழைத்துவந்து, "இவர்தான் நோரா, தொண்டை கட்டியிருக்கிறது, பேச முடியாது" என்றான். வெட்கங்கெட்டவன், அந்தப் பெண்ணின் கழுத்தில் ஒரு மப்ளரும் சுற்றிவிட்டிருந்தான்.

நாகலக்ஷ்மி திரையை விலக்கிக்கொண்டு புடவையோடு வெளியே வந்தாள். "நான்தான் உங்கள் டீச்சர். பெயர் நாகலக்ஷ்மி, ஊர் மைசூர்" என்றாள். எட்டு மாதம் காதுக்குள் கேட்ட குரல். எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

ஓகாவா எழுந்தார். பூங்கொத்தைத் தன்னிடம்தான் கொண்டுவருகிறார் என்று நினைத்தாள். அவரோ முதலாளி பக்கம் திரும்பினார்.

"எங்களை ஏமாற்றிவிட்டீர்கள். இனியாவது ஒரு உண்மையான இங்கிலீஷ் டீச்சரை ஏற்பாடு செய்யுங்கள்" என்றார் இங்கிலீஷில். ஒரு பிழை இல்லை. அவள் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, அவள் அழுத்துகிற இடத்தில் அழுத்தி, அவள் பேசுகிற மாதிரியே பேசினார்.