சிவப்பில்லாத பேனர்

அமுதவள்ளி மெனு அட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் பரிமாறுகிறவருக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, திருப்பிப் பிடிச்சிருக்கீங்க." "தெரியும் லா. படிக்க ஆரம்பிச்சிட்டா எழுத்து எப்படி நிக்குதுன்னே கண்ணுக்குத் தெரியாது," என்று சொல்லிவிட்டு, அட்டையைக் கீழே வைத்து ரசம் கேட்கிறார்.

கடைக்கு மேல்மாடியில்தான் அவருடைய அலுவலகம். கலை ஆய்வுக்கென்று நடக்கும், லாப நோக்கமில்லாத சின்ன நிறுவனம். ஆய்வாளர்கள் படங்களைத் தேடிப்பிடித்து எழுதுவார்கள். அதைப் புத்தகமாக வடிவமைப்பது அமுதவள்ளி. இந்த வேலைக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் கிள்ளானில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால் மாட்டிக்கொள்வார். "படம் வரையிறியா?" இல்லை. "விக்கிறியா?" அதுவும் இல்லை. "அப்ப என்னதான்மா செய்ற?" "அடுக்குறேன் அத்தை," என்பார். எதை, யாருக்காக என்று அத்தை மேலே கேட்டுவிடக் கூடாதே என்று பாயசத்தைத் தேடிப் போய்விடுவார்.

போன வருடம் ஒரு புத்தகம் வந்து அவரை உண்மையாகவே குழப்பியது. தெருவோர பேனர்களைப் பற்றியது. எழுதியவர் சஹர், நிறுவனத்தில் ஆய்வாளராக இருக்கும் இளம்பெண். பக்கங்களை அடுக்கிக்கொண்டே வந்த அமுதவள்ளியின் கை ஒரு புகைப்படத்தில் நின்றது. பத்துமலைத் தைப்பூசத்தில் ஒரு தண்ணீர்ப்பந்தலின் பேனர். வேல், மயில், வானம் எல்லாமே மஞ்சளும் பச்சையும்தான். மருந்துக்கும் சிவப்பு இல்லை. படத்துக்குக் கீழே 'வடிவமைத்தவர் தெரியவில்லை' என்றிருந்தது. பக்கத்திலேயே சஹரின் வரிகள்: சிவப்பை மறுத்து, தமிழர் விட்டுவர நேர்ந்த ரப்பர் தோட்டத்தைப் பச்சையால் மீட்டெடுக்கும் ஓவியம்.

அந்த பேனரைச் செய்தவர் அமுதவள்ளியேதான். கல்யாணத்துக்கு முன், கிள்ளானில் ஒரு அச்சுக்கடையில் வேலை பார்த்தபோது செய்தது.

இரண்டு நாள் கழித்து சஹரின் மேசைக்குப் போய், "அது நான் செஞ்சதுமா. பூசத்துக்கு முதநாள் மெஜந்தா மை முடிஞ்சிருச்சு. அது இல்லாம சிவப்பு வராது. சப்ளை கடை எல்லாம் பூட்டியாச்சு. தோட்டமும் இல்ல, ஒன்னும் இல்ல," என்றார்.

சஹர் கொஞ்சமும் அசரவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு ஆசையாகக் கேட்டாள். "அக்கா, சிவப்பு இல்லன்னா வானத்தை நீலமா விட்டிருக்கலாமே? நீலத்துக்கு மை இருந்துச்சுதானே? ஏன் எல்லாத்தையும் பச்சையாக்குனீங்க?"

அமுதவள்ளி சுங்கை பூலோ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்தான். ஆனால் நடக்கப் பழகுமுன்பே குடும்பம் கிள்ளானுக்கு வந்துவிட்டது. அந்தத் தோட்டத்தில் ஒரு மரம்கூட அவருக்கு நினைவில்லை. "அவசரத்துல செஞ்சது," என்றார். அது அவர் காதுக்கே பொய்யாகவும் பட்டது, உண்மையாகவும் பட்டது.

வீட்டில் கமலநாதனிடம் சொன்னார். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிற கணவருக்கு இதில் குழப்பமே இல்லை. "நீதானே செஞ்ச? பேரப் போடு லா. முடிஞ்சுது."

"செஞ்சது நான்தாங்க. ஆனா அவ எழுதியிருக்கறத நான் நினைச்சுச் செஞ்சேனா?"

"நினைக்கலயா?"

"அதான் தெரியல."

சஹர் தன் வரிகளை நீக்கவில்லை; மை தீர்ந்த கதையையும் அடியில் சேர்த்தாள். வடிவமைப்பாளர் பெயரையும் போடச் சொன்னாள். சஹரின் வரிகளையும் மை தீர்ந்த கதையையும் ஒரே பக்கத்தில், ஒன்றை ஒன்று இடிக்காமல் அடுக்கவேண்டியது அமுதவள்ளியின் வேலையாயிற்று. அவர் அடுக்கிய பக்கங்களிலேயே அதுதான் அதிக நாள் பிடித்தது.

அச்சகத்திலிருந்து மாதிரிப் பிரதி வந்த அன்று எல்லோரும் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். சஹர் அந்தப் பக்கத்தை விரித்து, "பாருங்கக்கா, உங்க பேரு," என்றாள். அமுதவள்ளி குனிந்தார். தன் பெயரின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு, அந்தப் பச்சை மயிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.