டாக்டரம்மாவின் பூர்வீகம்

ஜெர்மன் சண்டை ஆரம்பித்த வருஷம் எங்கள் ஆம்பூரில் கடைக்குக் கடை ஒரே பேச்சு: மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா எந்த நாட்டுக்காரி? ஊருக்கு அது பொழுதுபோக்கு. எனக்கு உயிர் போகிற விஷயம். என் மனைவிக்கு அது மூன்றாவது பிரசவம். முதல் இரண்டு பிள்ளைகளின் அழுகுரலைக் கூடக் கேட்காமல் கபர்ஸ்தானுக்குக் கொண்டுபோயிருந்தோம். இந்தப் பிள்ளையும் வயிற்றில் குறுக்கே கிடக்கிறது, வலி எடுத்ததும் ஆள் அனுப்புங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுப் பெண்களை ஆண் டாக்டர் தொட முடியாது. அவரை விட்டால் வேறு கதியில்லை.

அவர் அமெரிக்காக்காரி என்பதில் முதலில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஒருநாள் என் மனைவியைப் பார்க்க வந்தவர், பக்கத்திலிருந்த எங்கள் தோல்ஷாப்பையும் பார்க்க வேண்டும் என்றார். தோல் ஊறும் சுண்ணாம்புக் குழி ஓரத்தில் மூக்கைப் பொத்தாமல் நின்ற வெள்ளைக்காரியை அன்றுதான் பார்த்தோம். முன்ஷி வாத்தியாரிடம் படித்த தமிழில், “என் பாட்டனாருக்குப் பாட்டனாரும் தோல் பதனிட்டவர்தான்” என்றார்.

என் அப்பாவுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! அவரை நாங்கள் பாவா என்று கூப்பிடுவோம். உடனே நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, முழுக் கதையையும் கேட்டார். அந்த மூதாதை ஜெர்மன் தேசத்தில் பிழைக்க வழியில்லாமல் கப்பலேறியவர். கப்பல் கூலி கொடுக்கக் கையில் காசில்லை. அமெரிக்கத் துறைமுகத்தில் ஒரு தோல்ஷாப் முதலாளி கூலியைக் கட்டி அவரை இறக்கிக்கொண்டார். அந்தக் கடன் தீரும்வரை அவருக்கே அடிமை மாதிரி உழைத்து, பிறகு சொந்தமாகக் குழி வெட்டினாராம். தோலை ஊறவைக்க நமக்கு ஆவாரம்பட்டை போல அங்கே வேறு ஏதோ மரத்துப் பட்டை. வீட்டுப் பேச்சு தலைமுறை தலைமுறையாக ஜெர்மன்தான். டாக்டரம்மாவே ஆஸ்பத்திரிப் பிள்ளைகளைத் தாலாட்டுவது ஜெர்மனில்தான். “நம்ம தொழில்காரங்கடா!” என்று பாவா தோல் மண்டி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சண்டை வந்ததும், ஜெர்மன்காரர்களைக் கணக்கெடுக்க சப்-இன்ஸ்பெக்டர் மண்டிக்கே வந்துவிட்டார். “இன்னா சாயபு, டாக்டரம்மாவ உங்களுக்கு நல்லாத் தெரியுமாமே? அவங்க எந்த ஜனம்?”

“அசல் ஜெர்மன் குடும்பம். ரொம்ப ஒசத்தியான மனுஷங்க” என்றார் பாவா, மனம் நிறைந்து.

மறுநாள் டாக்டரம்மாவின் பங்களா வாசலில் ஒரு கான்ஸ்டபிள். மேலிடத்திலிருந்து பதில் வரும்வரை அவர் கேட்டைத் தாண்டக் கூடாதாம்.

நான் பாவாவிடம் கத்தினேன். “வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கக் கூடாதா? அவங்க அமெரிக்கா!”

“நான் இன்னா பொய்யா சொன்னேன்? பொறந்தது அமெரிக்கா, சரி. வந்தது எங்கேருந்து? எதிர்வூட்டு நாயுடு எத்தினி தலைமுறையா இங்க கீறாரு? அவர இன்னும் தெலுங்குக்காரர்னுதானே சொல்றோம்?”

எனக்குக் கோபம் குறையவில்லை. விஷயத்தைத் தீர விசாரித்துத் தாசில்தாரிடம் சொல்லலாம் என்று டாக்டரம்மாவிடமே போனேன். கான்ஸ்டபிள் பார்க்க, வராந்தாவில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எனக்கு மண்டை காய்ந்தது. அந்தப் பாட்டனார் புறப்பட்ட காலத்தில் ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாதாம், சின்னச் சின்ன ராஜ்ஜியங்களாம். சரி, போய் இறங்கிய இடம்? அதுவும் அப்போது தனி நாடு இல்லை, இங்கிலீஷ் ராஜாவின் ஆட்சியாம். யா அல்லா! இல்லாத நாட்டிலிருந்து கிளம்பி இல்லாத நாட்டில் இறங்கியவரின் எள்ளுப்பேத்தியை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

“அப்படியானால் நீங்கள் நம் ராஜாவின் பிரஜைதானே அம்மா?” என்றேன் ஆசையாக.

“அந்தப் பாட்டனாருடைய மகன், அமெரிக்கா தனி நாடாக வேண்டும் என்று அந்த ராஜாவை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கினாரே” என்றார் டாக்டரம்மா. அதைத் தாசில்தாரிடம் மூச்சு விடவேண்டாம் என்று முடிவு செய்துகொண்டேன்.

பாவாவையும் இழுத்துக்கொண்டு வேலூருக்குப் போனேன். தாசில்தார் பொறுமையாகக் கேட்டார். பிறகு பாவாவைப் பார்த்து, “உங்களுக்குப் பூர்வீகம் எது?” என்றார்.

“பீஜாப்பூர்” என்றார் பாவா, கேட்டவுடன்.

“அங்க யார் இருக்காங்க?”

பாவா விழித்தார். “யாரும் இல்லீங்க. நான் போனதே இல்ல. எங்க பெரியவங்க கபர் எல்லாம் ஆம்பூர்லதான்...” சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

தாசில்தாருக்கும் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அவர் வீட்டில் பேசுவது மராத்தியாம், தஞ்சாவூரில் பிறந்தவராம். “மேலே அனுப்பறேன், பதில் வரட்டும்” என்று எழுந்துவிட்டார்.

பதில் வரவில்லை. வலி வந்துவிட்டது. ஒரு காலை வேளை, மருத்துவச்சி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். பாவா ஜட்கா வண்டியைப் பூட்டச் சொன்னார். பெண்கள் போகும் கோஷா வண்டி, சுற்றிலும் திரை. என் அம்மாவை உள்ளே ஏற்றி, அவளுடைய இன்னொரு புர்காவையும் எடுத்து அவள் மடியில் வைத்தார். நான் வண்டிக்காரனோடு முன்னால் உட்கார்ந்தேன்.

அம்மா பங்களாவுக்குள் நோயாளியாகப் போனாள். திரும்பி வந்தது இரண்டு புர்கா. எங்கள் பெண்கள் இருக்கும் வண்டியின் திரையை எந்தப் போலீஸ்காரனும் தூக்கமாட்டான். கான்ஸ்டபிள் “யாரு சாயபு?” என்று மட்டும் கேட்டான்.

“எங்க வீட்டுப் பொம்பளைங்க” என்றேன்.

மாலைத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் என் மகள் அழுதாள். இரண்டு தடவை கேட்காமல் போன சத்தம். சுவரில் சாய்ந்து, வெட்கமில்லாமல் நானும் அழுதேன். என் மனைவியும் பிழைத்தாள்.

டாக்டரம்மாவைத் திருப்பி அனுப்பும்போது என் அம்மா புர்காவை நீட்டினாள். பாவா வேண்டாம் என்றார். திரையையும் அவரே சுருட்டிக் கட்டினார். “பிடிச்சிக்குவாங்க பாவா!” என்றேன். காதில் வாங்கவில்லை. கடைத்தெரு முழுக்கப் பார்க்க, டாக்டரம்மா தலைமுடி கலைந்து, சட்டையில் ரத்தக் கறையோடு வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

கான்ஸ்டபிள் பதறிப்போனான். “இன்னா சாயபு இது! நான் ரிப்போர்ட் எழுதணுமே. எந்த நாட்டுக்காரங்க, யார் ஜனம்னு கேப்பாங்களே, இன்னான்னு எழுதுவேன்?”

“என் தங்கச்சின்னு எழுது. யாராச்சும் கேட்டா என்னாண்ட அனுப்பு.”

சொல்லிவிட்டு, டாக்டரம்மா இறங்குவதற்குப் பாவா கையை நீட்டினார். அந்நியப் பெண்ணின் கையைப் பாவா தொட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.