பொய்ச் சாட்சிக்குப் பிறகு கந்தப்பளை வரை

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அக்கரப்பத்தனையிலிருந்து நான்கு கிலோமீட்டர் நடந்திருந்தேன். பஸ்ஸுக்கு நிற்கவில்லை. நின்றால் யாராவது தங்கச்சியைப் பற்றிக் கேட்பார்கள்.

தங்கச்சி மேரி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். ஐந்து மாதமாகப் போன் இல்லை. எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு: ஜெபத்தில் கேட்டதை, கிடைக்கும் முன்பே கிடைத்துவிட்டதாக விசுவாசத்தோடு சாட்சி சொல்வார்கள். மூன்று வாரம் உபவாசம் இருந்தும் பதில் வராததால், போன ஞாயிறு நானும் எழுந்து, "மேரி பேசிட்டா, ஸ்தோத்திரம்" என்றேன். கைதட்டினார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நான் போய்ச் சேருமுன் செய்தி போய்விட்டது. காய்ச்சலில் படுத்திருந்த அம்மா வாசலுக்கே வந்துவிட்டாள்.

"எப்படா பேசுனா? சாப்பிட்டாளாமா?"

உண்மையைச் சொன்னேன். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கடவுளும் பேசவில்லை. கிளம்பிவிட்டேன்.

வழியில் ஒரு லொறி தலவாக்கலை வரை ஏற்றிக்கொண்டது. அங்கிருந்து நுவரெலியாவுக்கு பஸ் நூற்றைம்பது ரூபாய். நானுஓயாவைத் தாண்டியதும் பனிமூட்டம். பக்கத்துத் தேயிலை கூடத் தெரியவில்லை. நுவரெலியாவில் ராகலை பஸ்ஸில் ஏறினேன்.

"எங்க போறீங்கண்ணே?" என்றார் கண்டக்டர்.

"வேல இருக்கிற எடத்துக்கு."

"கந்தப்பளைக்கு டிக்கட் போடுறேன். அங்கயும் இல்லாட்டி என் வேலய எடுத்துக்கங்க."

மூன்று மணிக்குக் கந்தப்பளை. இறங்கியதும் மழை. ஒதுங்கிய இடம் தகரக் கூரை போட்ட சின்ன ஜெபக்கூடம். பாஸ்டர் மாதம் ஒருமுறைதான் வருவாராம். மற்ற ஞாயிறுகளில் இவர்களே கூடிப் பாடுகிறார்கள். ஒன்பது பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராகச் சாட்சி சொல்லி என் முறை வந்தது.

"தங்கச்சி அஞ்சு மாசமா பேசல. கேட்டுப் பார்த்துட்டேன். பதில் இல்ல" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை.  பிறகு, பாட்டு எடுத்துக்கொடுத்த பிலோமினா அக்கா திரும்பினார். மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்.

"எங்க மூத்தவன் கொழும்புக்குப் போயி ஆறு வருஷம் தம்பி. எங்க இருக்கான்னே தெரியல. நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பதில் வந்துச்சா?"

"ம்ஹும்."

"அப்புறம் ஏன்க்கா வர்றீங்க?"

"வராம இருந்தா ஆண்டவரு நிம்மதியா இருந்துருவாரே! விட்ருவேனா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கூட்டம் முடிந்ததும் அவரே கேட்டார்: "கரட் கழுவ ஆள் தேடுறாங்க. தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும். நிப்பீங்களா?"

"நிப்பேன்" என்றேன். இரவு தோட்டத்திலேயே உர மூட்டைகள் வைத்திருந்த அறையில் படுத்தேன்.

திங்கள் காலை ஐந்து மணிக்குப் எங்கள் லயத்துப் பக்கத்து வீட்டுப் போனுக்கு அடித்து அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"மேரி இன்னும் பேசலம்மா. நான் கந்தப்பளையில இருக்கேன். வேல கெடச்சிருக்கு."

 அம்மா போனை வைக்கவில்லை. அவள் இழுத்து இழுத்து மூச்சு விடுவது கேட்டது. வேலைக்குக் கூப்பிடும் வரை அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

ஐந்தரைக்கு முதல் கரட் மூட்டையைத் தொட்டியில் கொட்டினார்கள். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, மண் போகக் கரட்டை மிதிக்கத் தொடங்கினேன்.