தவிட்டுக்கு வாங்கிய பிரிஜித்

நெல்லிவாசல்நாட்டில், ஜீப் பாதை தீர்ந்தபிறகும் ஒரு மணி நேரம் நடந்தால் வருகிற முப்பது வீட்டு ஊர் அது. தெருவில் நின்று "பிரிஜித்!" என்று ஒரு கத்துக் கத்திவிட்டு ஒளிந்துகொண்டால் ஐந்து வீட்டிலிருந்து தலை எட்டிப் பார்க்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இதைவிடச் செலவில்லாத விளையாட்டு கிடையாது. ஐந்தாவது தலை ஷோபனா மகளுடையது, நாலு வயது. போன மாசியில் அவள் காய்ச்சலில் போனபிறகு அந்த விளையாட்டை யாரும் ஆடுவதில்லை.

மூத்த பிரிஜித்துக்கு வயது நாற்பத்தாறு. அரை ஏக்கர் சாமைக் கொல்லை, மூன்று புளியமரம், செத்துப்போன புருஷன், ரம்யா என்று ஒரே மகள். அவ்வளவுதான் சொத்து. நெற்றியில் பட்டையாகத் திருநீறு, பேர் மட்டும் அயர்லாந்து. ரேஷன் கடையில் புதிதாக வருகிறவர் யாரானாலும் அட்டையை ஒருமுறையும் அவள் முகத்தை இரண்டு முறையும் பார்ப்பார். "கார்டு என்னுதுதாங்க, பயப்படாம அரிசியப் போடுங்க" என்பாள்.

அந்தப் பேர் மலை ஏறிவந்த கதை இது. சின்னக்குழந்தை என்று பேர் கொண்ட அவளுடைய அம்மாவுக்கு முதல் மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் அடுத்துப் பிறக்கிற பிள்ளையை முறத்தில் கிடத்தி, ரத்த உறவில்லாத ஒருத்திக்கு ஒரு பிடி தவிட்டுக்கு விற்றுவிடுவது அந்த ஊர் வழக்கம். எமன் வந்து கேட்டால், "இது எங்க வூட்டுப் புள்ள இல்லீங்க" என்று கை விரித்துவிடலாம். வாங்கியவள் தன் பேரை வைப்பாள். விலைபோகாத பிள்ளை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

நான்காவது பிரசவத்துக்கு வந்தது, அடிவாரத்திலிருந்து மாதம் ஒருமுறை மருந்துப் பையோடு ஏறிவந்த ஒரு வெள்ளைக்கார சிஸ்டர். கால் முதலில் வந்த பிள்ளையைத் திருப்பி எடுத்தவரும் அவர்தான். சின்னக்குழந்தை தன் வீட்டுத் தவிட்டையே அவர் கையில் திணித்து, "இதக் குடுத்து என் புள்ளய வாங்கிக்கோங்கம்மா, உங்க பேர வைங்க" என்றாள்.

சிஸ்டர் பேர் பிரிஜித். தெரிந்த தமிழில் அவர் விளக்கம் சொன்னார். அவர்கள் நாட்டில் சர்ச் வருவதற்கு முன்னாலேயே இருந்த பேர் அது. நெருப்புக்கும் வைத்தியத்துக்கும் அப்படி ஒரு பெண் சாமி இருந்தாளாம். உயர்ந்தவள் என்று அர்த்தமாம். பிற்பாடு அதே பேரில் ஒரு சந்நியாசினி வந்து புனிதர் ஆனார். சாமி மாறியது, பேர் மாறவில்லை. இன்றைக்கும் அவள் பேரில் ஊருக்கு ஊர் சுனை உண்டு. பக்கத்து மரத்தில் நோயாளிகள் துணி கட்டுவார்கள். தை மாதத்தில் ஒரு ராத்திரி, அவள் வந்து தொடுவாள் என்று வாசலில் துணி போட்டுவைத்து, பிரசவத்துக்கு அதை எடுப்பார்கள்.

"அந்தூர்லயும் மரத்துல துணிதானா!" என்று சின்னக்குழந்தை ஆச்சரியப்பட்டாள். பிறகு கேட்டாள்: "அங்க புள்ளைங்க சாவுமா?"

"சாகும். நிறைய," என்றார் சிஸ்டர்.

வாங்கியவர் சும்மா இருக்கவில்லை. எட்டு வருஷம் மாதாமாதம் வந்தார். ஊருக்குள் நுழைந்ததும், "என் பிள்ளை எங்கே?" என்பார். மாமரக் கிளையில் கொக்கித் தராசை மாட்டி, பிள்ளையை அதில் தொங்கவிட்டு எடை பார்ப்பார். ஊருக்கு அது வேடிக்கை. பிள்ளை பிழைத்தது, பேர் பிடித்துக்கொண்டது. பிரிஜித் வளர்ந்து, பிள்ளை தங்காத வீடுகளில் ஆறு பெண்களை வாங்கினாள். ஒருத்தி திருப்பூரில் பனியன் தைக்கிறாள், ஒருத்தியைக் கலசப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மூன்று பேர் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆறாவது, ஷோபனாவின் மகள்.

இந்த மாசியில் ரம்யாவுக்கு ஏழரை மாதத்திலேயே வலி வந்து, விடியும் நேரத்தில் வீட்டிலேயே பெண் பிறந்தது. இரண்டு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அழவில்லை. உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. மருமகன் வெற்றிச்செல்வன் பாறை மேல் ஏறி நின்று போன் போட்டு ஜீப் சொல்லிவிட்டான்.

"குடும்மா, நான் தூக்கிக்குனு முன்னால ஓடறேன்," என்றாள் பிரிஜித்.

ரம்யா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "வாங்காம தரமாட்டேன். முன்ன ரெண்டும் கீழ ஆஸ்பத்திரியிலதான் பொறந்திச்சி, யாரும் வாங்கல. ரெண்டயும் துணியில சுத்திதான எடுத்தாந்தோம்?"

"சரி, நானே வாங்கறேன்."

"நீ என்னப் பெத்தவ. உனக்கு விக்க முடியுமா? எமன் இன்னா கேணயனா?"

ஊரில் பிள்ளையைத் தங்கவைத்த பேர் பிரிஜித் ஒன்றுதான், அந்தப் பேர்க்காரிதான் வாங்க வேண்டும். பள்ளிக்கூடம் போகிற மூன்று பேரும் சின்னப் பெண்கள், விலைபேசக் கூடாது. திருப்பூரிலிருந்தும் கலசப்பாக்கத்திலிருந்தும் ஆள் வருகிற வரைக்கும் இந்த மூச்சு தாங்காது. மிச்சம் ஒரே வழி. செத்த பிள்ளையின் பேர் அதைப் பெற்றவளிடம் வந்து சேரும், அந்தப் பேரில் அவள் வாங்கலாம். பிரிஜித் ஷோபனா வீட்டுக்கு நடந்தாள்.

ஷோபனா வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாக அவள் பிரிஜித்தை ஊர் முறைக்குக்கூட அத்தை என்று கூப்பிட்டதில்லை. அந்தப் பேரை வாயில் எடுத்ததும் இல்லை.

"ரம்யாவுக்குப் பொண்ணு பொறந்திருக்குது."

"அழுகையே கேக்கல. இருக்குதா?"

"இருக்குது. நீ வந்து வாங்கணும்."

முறம் நின்றது. "என் பொண்ண வாங்க நீ தவிடு குடுத்தியே, அது இன்னா? கோழிக்குப் போட்டதா?"

பிரிஜித் குனிந்து, தரையில் சிதறிய சாமையைப் பொறுக்கப் போனாள்.

"மூணு வாட்டி சொல்லி அனுப்பினேன். காயுது, வந்து பாருன்னு. நீ புளி உலுக்கிக்குனு இருந்த. 'என் பேரு இருக்குது, ஒண்ணும் ஆவாது, சாயங்காலம் வர்றேன்'னு சொன்ன. எந்த நாள் சாயங்காலம்னு சொல்லல."

"ஊர்ல பேரு கெட்டுப்போச்சுன்றாங்க," என்றாள் பிரிஜித். "பேரு ஒண்ணும் கெடல. பேரு என்னயும் காப்பாத்தல. அந்த வெள்ளக்காரம்மா மாசாமாசம் வந்து தராசுல தொங்கவுட்டாங்களே, அதான் காப்பாத்திச்சி. வாங்கினவ வரணும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வரல."

"இத ஒரு வருசமா யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல."

"ஊரு பழியப் பேரு மேல போட்டா, நீ கேட்டுக்குனு இருந்த."

"ஆமா."

ஷோபனா அவளையே பார்த்தாள். பிறகு குனிந்து தவிட்டில் ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்தாள். "உனக்காக வர்ல," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

ரம்யா பிள்ளையை முறத்தில் கிடத்தினாள். ஷோபனா தவிட்டை அவள் கையில் கொட்டினாள். "வெல முடிஞ்சிதா?"

"முடிஞ்சிதுக்கா. உன் புள்ள."

"பேர் சொல்லுக்கா," என்றான் வெற்றிச்செல்வன். வாங்கியவள் அங்கேயே பேர் சொல்ல வேண்டும். ஷோபனா அதைச் சொல்லாமலே பிள்ளையை ரவிக்கைக்குள் தோலோடு தோலாக வைத்து, முந்தானையால் சுற்றிக் கட்டினாள்.

"நின்னு பார்த்துக்குனு இருக்காதீங்க, நடங்க."

வெற்றிச்செல்வனும் இன்னொருத்தனும் ரம்யாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டார்கள். பிரிஜித் கடைசியாக நடந்தாள். ஷோபனா வழியெல்லாம் முந்தானைக்குள் குனிந்து, மூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனாள். ஜீப்பில், கொண்டை ஊசி வளைவுகளில் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். அவள் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

கீழே ஆஸ்பத்திரிக்குப் போனபோது உச்சி வெயில். ரம்யாவைப் பெண்கள் வார்டுக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளையை எடை பார்த்த நர்ஸ், "ஒரு கிலோ நானூறு. இப்போ எதுவும் சொல்ல முடியாது. மூணு நாள் தாண்டட்டும்," என்று சீட்டை எடுத்தாள். "கொழந்தைக்குப் பேர் வெச்சிட்டீங்களா?"

ஷோபனாவின் உதடு பிரிந்து மறுபடி ஒட்டிக்கொண்டது. பிரிஜித் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிரிஜித்," என்றாள் ஷோபனா.

"கிறிஸ்டியனா?"

"இல்லீங்க. எங்கூர்ப் பேரு."

"கூட ஒருத்தர்தான் நிக்கலாம். யாரு நிக்கறது?"

"நான்தான். வாங்கினவ."

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே வரச் சொன்னாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போன ஷோபனா, ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே என்று நின்று திரும்பினாள்.

"அத்த."

பிரிஜித் நிமிர்ந்தாள்.

"சாயங்காலம் வா. இன்னிக்கு சாயங்காலம்."

கதவு மூடிக்கொண்டது. வாட்ச்மேன் இரண்டு தடவை வந்து, "இங்க உக்காரக் கூடாதும்மா, போய்ட்டு சாயங்காலம் வா," என்று விரட்டினார். சாயங்காலத்துக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. பிரிஜித் அந்தப் படியை விட்டு எழுந்திருக்கவில்லை.