துண்டு தண்ணீரில் படக்கூடாது

ரியேகோவுக்குத் தலை எண்ணிப் பழக்கமில்லை, காலணியைத்தான் எண்ணுவாள். தலை அங்கும் இங்கும் போய்க்கொண்டே இருக்கும், கழற்றிப் போட்ட காலணி கிடந்த இடத்தில் கிடக்கும் என்பது அவள் வாதம். எங்கள் மலையைச் சுற்றிக் காட்டும் வேலையில் இருபத்திரண்டு வருடமாக ஒரு பயணியைக்கூட அவள் தொலைத்ததில்லை. அதனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவளிடம் வாய் கொடுப்பதில்லை.

நான் தொமோயே. இவானோயு கிராமத்தில் மான் ஊற்று என்ற வெந்நீர்க் குளியல் கூடத்தின் வாசல் மேஜையில் முப்பத்தொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். சீட்டுக் கொடுப்பது, துண்டு கொடுப்பது, மணிக்கொரு தடவை உள்ளே போய்த் தண்ணீரின் சூடு பார்ப்பது என் வேலை. வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். பொய்யில்லை.

ரியேகோவும் இந்த ஊர்க்காரிதான், என்னைவிட ஒன்பது வயது இளையவள். அவளுடைய அப்பா குளிர்காலத்தில் ரோட்டுப் பனியை அள்ளும் வண்டி ஓட்டினார். பத்தொன்பது வயதில் டோக்கியோ போனவள், அங்கே பல மாடிக் கடை ஒன்றின் லிஃப்டில் வெள்ளைக் கையுறையோடு உள்ளங்கையை மேலே காட்டி நின்று, "மேலே செல்கிறது" என்று நாளைக்கு நானூறு தடவை சொல்லிச் சம்பாதித்தாள். அங்கேயே ஒரு கல்யாணம் செய்து, ஆறு வருடத்தில் அது முறிந்து, இருபத்தொன்பதாம் வயதில் ஒற்றைப் பெட்டியோடு திரும்பி வந்தாள். யாரிடமும் புலம்பவில்லை. அடுத்த வாரமே சுற்றுலா அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். இன்றும் பயணிகளோடு மேட்டில் ஏறும்போது அவளுடைய வலது உள்ளங்கை தன்னால் மேலே திரும்பும். அதைப் பார்த்து அவர்கள் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள்.

காலை எட்டு நாற்பதுக்கு ரயில் நிலைய வாசலில் அவளுடைய மஞ்சள் கொடி உயரும். முதலில் ஆவி கொதிக்கும் பள்ளத்தாக்கு, அங்கே ஊற்றிலேயே வெந்த முட்டை, மதியம் சோபா நூடுல்ஸ், இரண்டு மணிக்கு எங்கள் கூடம். வரும் வழியில் பஸ்ஸில் மான் கதை சொல்வாள். காலில் அம்பு பட்ட மான் ஒன்று தினமும் வந்து நின்று புண் ஆற்றிக்கொண்ட ஊற்று இது. பக்கத்து ஊரில் இதே கதையைக் கொக்குக்குச் சொல்கிறார்கள், அது போகட்டும். கதை முடிந்ததும் குளியல் பாடம். முதலில் முக்காலியில் உட்கார்ந்து உடம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும், அப்புறம்தான் எல்லோரும் சேர்ந்து இறங்கும் தொட்டி. கையில் இருக்கும் சின்னத் துண்டு தண்ணீரில் படவே கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். கூச்சப்படுகிறவர்களிடம், "யாரும் பாக்க மாட்டாங்க, எங்க ஊர் வழக்கம் அப்படி" என்பாள். சொல்லிவிட்டுத் தானும் உடை களைந்து பெண்கள் பக்கத்தில் அவர்களோடு இறங்குவாள். மற்ற வழிகாட்டிகள் அந்த ஒரு மணி நேரம் வெளியே உட்கார்ந்து போனை நோண்டுவார்கள். இவள் பேச்சுத் துணைக்கு இருப்பதால்தான் கூச்சக்காரர்கள்கூட உள்ளே போனார்கள்.

போன ஜனவரியில் நாகானோ நகரத்து மருத்துவமனையில் அவளுடைய இடது மார்பை எடுத்தார்கள். புற்றுநோய். ஏப்ரலில் வேலைக்கு வந்துவிட்டாள். குரல் திரும்பி வந்தது, சிரிப்பு வந்தது, மேட்டில் உள்ளங்கை திரும்புவதும் வந்தது. தண்ணீருக்கு மட்டும் அவள் வரவில்லை. பயணிகளை உள்ளே அனுப்பிவிட்டு, கொடியை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள்.

எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் குளியலறை கிடையாது. சாயங்காலம் ஆறு மணியானால் பெண்கள் எல்லோரும் கூடத்துக்கு வந்துவிடுவோம், ஊர் வம்பு முழுக்க அந்தத் தொட்டியில்தான் அலசப்படும். ஊரே வெந்நீரில் ஊறிக்கொண்டிருக்க, ரியேகோ மட்டும் தன் சமையலறையில் பானையில் தண்ணீர் காய வைத்துக் குளித்தாள். எனக்கு மனசு பொறுக்கவில்லை.

மனசு பொறுக்காமல் நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த அறுவைச் சிகிச்சை ஆனவர்கள் போட்டுக்கொண்டு தொட்டியில் இறங்குவதற்கென்றே மெல்லிய மேலாடை ஒன்று விற்கிறது. வெளியூர்ப் பெண்கள் சிலர் அதைக் கட்டிக்கொண்டு நிம்மதியாகக் குளித்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒன்று வரவழைத்தேன். வரவழைத்தது தப்பில்லை. வாசலில் பத்துப் பேர் நிற்கும்போது அதை மேஜைக்கு மேல் தூக்கிக் காட்டி, "ரியே, உன் அளவுதான்" என்றேன் பாருங்கள், அதுதான் தப்பு. புத்தி எங்கே போயிற்றோ. அவள் முகம் சிவந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தலை குனிந்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

அக்டோபரில்தான் அடுத்த சேதி வந்தது. நவம்பர் கடைசியோடு வேலையை விடுகிறாள், சைத்தாமாவில் அண்ணன் இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கே போய்விடப் போகிறாள்.

"அங்க என்னடி இருக்கு உனக்கு?" என்று கேட்டேன்.

"பாத்ரூமுக்குத் தாப்பா இருக்கு அக்கா."

ஒரு தாழ்ப்பாளுக்காகப் பிறந்த ஊரை விட்டுப் போகிறாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நான் அழுதேன். கோபமா துக்கமா என்று எனக்கே தெரியவில்லை.

நவம்பர் இரண்டாவது வாரம், மேப்பிள் இலையெல்லாம் சிவந்து கிடந்த ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டுப் பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றிலிருந்து பதினெட்டுப் பெண்கள் வந்தார்கள். வருடத்துக்கு ஒருநாள் உல்லாசப் பயணமாம். கூட்டத்துக்குத் தலைமை அவர்களுடைய சூப்பர்வைசர் ஓகிஷிமா அம்மா, அறுபதை நெருங்கியவர், கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். பஸ் ஓட்டும் செகிகுச்சி என் மேஜைப் பக்கம் வந்து கிசுகிசுத்தான்.

"நூடுல்ஸ் கடைல எல்லாரையும் குழாய் முன்னாடி வரிசையா நிக்க வெச்சு, முழங்கை வரைக்கும் முப்பது செகண்டுன்னு எண்ணுச்சு அக்கா. பயத்துல நானும் கழுவிட்டேன்."

பதினேழு பேர் சிவப்புத் திரையை விலக்கிக்கொண்டு பெண்கள் பக்கம் போனார்கள். ஓகிஷிமா அம்மா போகவில்லை. கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, பெஞ்சில் ரியேகோவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஜலதோஷம்."

காலையிலிருந்து மூன்று முட்டையும் இரண்டு ஐஸ்கிரீமும் சாப்பிட்ட ஜலதோஷம். ரியேகோ மரியாதையாகத் தலையசைத்தாள். அந்த அம்மாவே பேச்சை ஆரம்பித்தார்.

"பதினாலு வருஷமா இவங்களுக்கு நான் சூப்பர்வைசர். வெள்ளைக் கோட்டு, தொப்பி, மாஸ்க். வேலைல என் கண்ணு மட்டும்தான் வெளிய தெரியும். அந்தக் கண்ணுக்குத்தான் எல்லாரும் பயப்படுறாங்க. இப்ப போயி இந்த வயித்தக் காட்டினா நாளைக்கு எவ பயப்படுவா?"

"யாரும் பாக்க மாட்டாங்க ஓகிஷிமாசான்," என்றாள் ரியேகோ, அந்த லிஃப்ட் குரலில். "எங்க ஊர் வழக்கம் அப்படி."

"அப்ப நீங்க ஏன் உள்ள போகல?"

துண்டு மடித்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

"எனக்கு வேலை நேரம்."

"கொடிய நான் புடிச்சுக்கறேன். போயிட்டு வாங்க."

அந்த அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கையை நீட்டினார். ரியேகோ கொடியைக் கொடுக்கவும் இல்லை, இழுத்துக்கொள்ளவும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு ஒரு பக்கம் இல்லீங்க. ஜனவரில எடுத்துட்டாங்க."

ஓகிஷிமா அம்மா ஐயோ பாவம் என்று சொல்லவில்லை.

"எந்தப் பக்கம்?"

"இடது."

"ம். உங்ககிட்ட ஒண்ணு கம்மி. என்கிட்ட ஒரு ஆளுக்கு உண்டானது கூடுதல். ரெண்டு பேரும் வெளிய உக்காந்து, யாரும் பாக்க மாட்டாங்கன்னு பேசிட்டிருக்கோம்."

ரியேகோ சிரித்துவிட்டாள். சிரித்தபடியே, "நெஜமாவே பாக்க மாட்டாங்க" என்று மறுபடி ஆரம்பித்தாள். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"பொய் சொல்லாத ரியே."

"உங்களக் கேட்டனா அக்கா?"

"கேக்கல. இருந்தாலும் சொல்றேன். முப்பத்தொரு வருஷமா மணிக்கொரு தடவ உள்ள போயிட்டு வரேன். பாக்காத பொம்பளைய நான் பாத்ததே இல்ல. எல்லாரும் பாப்பாங்க. பாத்துட்டு, நகந்து எடம் குடுப்பாங்க. அதுக்கு மேல அங்க ஒண்ணும் நடக்காது."

ரியேகோ என்னை முறைத்தாள். "இத்தன வருஷமா நான் பஸ்ஸு பஸ்ஸா ஆளுங்ககிட்டச் சொல்லிட்டிருக்கேன். பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க. ஒரு வார்த்த சொல்லல?"

"நல்லாச் சொல்லிட்டிருந்த. எதுக்குக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

ஓகிஷிமா அம்மா கோட்டின் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார். "பாப்பாங்கன்னா சரி. பாக்க மாட்டாங்கன்னு நீங்க சொன்னப்பதான் எனக்குச் சந்தேகமா இருந்துச்சு. நான் முன்னாடி போறேன். எல்லாரும் என் வயித்தயே பாத்துட்டிருக்கறப்ப, நீங்க பின்னாடி நைசா வந்துடுங்க."

சொல்லிவிட்டுத் திரைக்குள் போய்விட்டார். ரியேகோ அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டு துண்டு மடித்தேன், எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கடைசியில் அவள் எழுந்தாள். கொடியை என் குடை ஸ்டாண்டில் செருகினாள். காலணியைக் கழற்றி, மற்றவர்களுடைய வரிசையின் ஓரத்தில் வைத்தாள்.

சூடு பார்க்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. இருந்தாலும் வெப்பமானியை எடுத்துக்கொண்டு, கால்சட்டையை மடித்து விட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

ஓகிஷிமா அம்மா முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். பதினேழு பேரும் தொட்டிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஆவிக்குள்ளிருந்து யாரோ ஒருத்தி சொன்னாள்.

"முழங்கை வரைக்கும், முப்பது செகண்டு."

சிரிப்பில் தொட்டியே குலுங்கியது. ஓகிஷிமா அம்மா திரும்பிப் பார்த்து, "யாரு அது? ஆவியில மறைஞ்சுட்டா தெரியாதுன்னு நெனப்பா?" என்றார். ஆனால் சத்தமாக முப்பதுவரை எண்ணி முழங்கையைக் கழுவினார். அதற்கப்புறம் அவர் வயிற்றைப் பற்றி யாருக்கும் ஞாபகமே இல்லை. தொட்டிக்குள் இறங்கியவரை இரண்டு பக்கமும் ஆட்கள் நெருக்கிக்கொண்டார்கள்.

அந்த அம்மாவின் திட்டம் இதனால் கெட்டுப்போயிற்று. மூலையில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த ரியேகோ கழுவி முடித்து எழுந்தபோது, எல்லோரும் சிரித்து ஓய்ந்து சும்மா இருந்தார்கள். பதினெட்டு முகமும் அவள் பக்கம்தான் இருந்தது.

சின்னத் துண்டை மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினாள். முழங்கால்வரை தண்ணீர் வந்ததும் நின்றுவிட்டாள். இன்னும் இரண்டு படி இறங்கினால் துண்டு நனையும். துண்டு தண்ணீரில் படக்கூடாது என்று அன்று பஸ்ஸில் அந்தப் பதினெட்டுப் பேருக்கும் பாடம் எடுத்தவள் அவள். அவர்கள் தலையில் எல்லாம் துண்டு ஒழுங்காக மடிந்து உட்கார்ந்திருந்தது. அவள் திரும்பிப் போய்விடுவாள் என்றே நினைத்தேன். வேண்டாத சாமி இல்லை.

அவள் துண்டை எடுத்தாள். இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், தலையில் வைத்துக்கொண்டாள்.

எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அக்குளிலிருந்து குறுக்கே ஓடும் ஒரு கோடு, இளஞ்சிவப்பாக. அவ்வளவுதான் அது. பத்து மாதமாக அதைத்தான் அவள் எங்களிடமிருந்து மறைத்து வைத்திருந்தாள்.

கூட்டத்தில் மூத்தவளான ஒரு பாட்டி, ஏதோ மறந்ததைச் சொல்வதுபோல, "அந்தக் கல்லு கிட்ட ரொம்ப சுடுது, இப்படி வாங்க" என்று சொல்லி ஒரு சாண் நகர்ந்தாள். அவள் நகர்ந்ததில் அடுத்தவள் நகர்ந்தாள், அவளுக்கு அடுத்தவளும் நகர்ந்தாள். ரியேகோ கழுத்துவரை தண்ணீரில் இறங்கி, கண்ணை மூடி, ஒரு பெருமூச்சு விட்டாள். நான் வெப்பமானியில் எவ்வளவு காட்டியது என்று பார்க்காமலே வெளியே வந்துவிட்டேன்.

மூன்று மணிக்குப் பஸ் கிளம்ப வேண்டும். மூன்றே காலுக்குச் செகிகுச்சி வந்து நின்றான்.

"கொடி இங்க இருக்கு, ஆளக் காணோம். ஒரு நாளும் இப்படி ஆனதில்லையே. யாராச்சும் மயக்கம் போட்டுட்டாங்களா, போய்ப் பாருங்க அக்கா."

போய்ப் பார்த்தேன். நட்டநடுவில் ரியேகோ, வேகவைத்த நண்டு மாதிரிச் சிவந்து, கை நிறையத் தண்ணீரை அள்ளி அள்ளி விட்டபடி, லிஃப்ட் வேலை பார்த்த கதையை அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ரியே, பஸ்ஸு நிக்குது."

"பத்து நிமிஷம் நிக்கச் சொல்லுங்க." பிறகு கொஞ்சம் தயங்கி, "அக்கா, நீங்கல்லாம் இன்னும் ஆறு மணிக்குத்தான வரீங்க?" என்றாள்.

"வேற எப்ப வருவோம்?"

"இவங்கள ரயில் ஏத்திட்டு வர ஆறே கால் ஆயிடும். எனக்கு ஒரு எடம் போட்டு வைங்க."

போட்டு வைக்கிறேன் என்று சொன்னேன். அதற்கு மேல் நின்றால் அவர்கள் எல்லோர் முன்னாலும் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால், வெளியே போய்ச் செகிகுச்சியை எஞ்சினை அணைக்கச் சொன்னேன்.